பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க

மார்ச் 4

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ பதினோரு தடவை போனில் கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. எடுக்கப் போவதும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பார்சல் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பது என் பிழைப்பு. அதே காதில் உன் குரலையும் ஏற்றிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. கடிதத்தில் நீயும் குறுக்கே பேச முடியாது, நானும் பேச முடியாது. நம் இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது.

நாற்காலி உடைந்ததில் எனக்கு வருத்தமில்லை. புது வீட்டைப் பார்க்க வா என்று கூப்பிட்டாய், வந்தேன். லிப்ட் ஓடவில்லை. நான்கு மாடியும் ஏறினேன், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. மேலே வந்ததும் பால்கனியில் வெயிலில் காய்ந்து கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாய். அதன் கால் முறிந்தது, நான் விழுந்தேன். உன் ஆபீஸ் ஆட்கள் சிரித்தார்கள். ஊரார் சிரிப்பது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நீயும் சிரித்தாய். அரை நொடிதான் இருக்கும், உடனே வாயை மூடிக்கொண்டாய். நான் தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லார் முகமும் நன்றாகத் தெரிகிறது.

அதைக்கூட விட்டுவிடுவேன். பிறகு சமையலறைக்கு வந்து சொன்னாயே, "அக்கா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கொஞ்சம் வாயக் கட்டு. மனசு வச்சா முடியாதது இல்ல" என்று. அப்போது என் மகள் உனக்குப் பின்னால் தண்ணீர் டம்ளரோடு நின்றாள். உன் மருமகள் வாயாடி, உனக்கே தெரியும். பஸ்ஸில் முக்கால் தூரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கேட்டாள், "அம்மா, நான் பாக்காதப்ப நீ நெறைய சாப்பிடுறியா?"

பதினான்கு வயதுப் பிள்ளை அம்மாவைக் கேட்கிற கேள்வியா இது? கேட்க வைத்தது நீ.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

சிரித்தது உண்மை. இல்லையென்று சாதிக்கப் போவதில்லை. யாராவது சறுக்கினால் நமக்கு முன்னால் வாய் சிரித்துவிடுகிறது. உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன்.

ஆனால் சமையலறையில் நான் சொன்னதில் என்ன தப்பு? கோபப்படாமல் யோசி. மாமா போய் ஏழு வருஷம் ஆகிறது. அன்றைக்கு உன் எடை ஐம்பத்தெட்டு. இன்றைக்கு நூற்று நான்கு. மாமா நாற்பத்து நான்கு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. உனக்கும் அப்படி ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார்? நீ மாடிப்படியில் மூச்சு வாங்கிய சத்தம் எங்கள் வீட்டுக் கூடம் வரை கேட்டது. பயத்தில் பேசினேன். பயந்தவனுக்கு நல்ல வார்த்தை வருமா?

இதொன்றும் பெரிய வித்தையில்லை அக்கா. காலையில் அரை மணி நேரம் நட. ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கு. பொட்டலத் தின்பண்டம் எதையும் தொடாதே, மோந்துகூடப் பார்க்காதே. மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

வாயாடியிடம் நான் தனியாகப் பேசட்டுமா?

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அவளிடம் நீ பேச வேண்டாம். பேசினவரை போதும்.

காலையில் அரை மணி நேரம் நட என்கிறாய். எந்தக் காலையில்? ஒரு வாரம் எனக்கு ஷிப்ட் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது, அடுத்த வாரம் அதே ஆறு மணிக்குத்தான் முடிகிறது. ஏழு வருஷமாக என் உடம்புக்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரியாது. எங்கள் ஆபீஸ் பெரிய சாலை ஓரத்தில் இருக்கிறது. நடைபாதை கிடையாது. கம்பெனி வேன் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடும். உள்ளே போனால் என் இடம், சக்கரம் வைத்த நாற்காலி, முன்னால் திரை. எழுந்திருக்க வேண்டுமானால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அழுத்தினதும் திரையில் கடிகாரம் ஓடத் தொடங்கும். பாத்ரூமுக்கு ஏழு நிமிஷம். எட்டானால் டீம் லீடர் வந்து பின்னால் நிற்பாள்.

சாப்பாட்டுக்கு அரை மணி உண்டு, ஆனால் நம் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் நடைவழியில் இருக்கிற மெஷினில் பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்வோம். ஒருத்தன் கத்திவிட்டு வைத்த பிறகு அடுத்தவன் வருவதற்குள் பதினைந்து நொடி கிடைக்கும். அதற்குள் இரண்டு எடுத்து வாயில் போடலாம். மென்றால் சத்தம் லைனில் கேட்கும் என்று நாக்கில் வைத்து ஊறவிடுவேன். "மன்னிக்கணும் சார், பார்த்துச் சொல்றேன் சார்" என்று பேசிக்கொண்டே ஊறவைக்கிற வித்தை எங்கள் மாடியில் எல்லாருக்கும் தெரியும். எண்பது பேர் இருக்கிறோம். சேர்ந்த வருஷத்துப் படம் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. அதிலிருக்கும் ஆட்களை இன்றைக்குப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது.

எல்லாரும் வாங்குவது சிவப்புப் பொட்டலம். போன வாரம்தான் திருப்பிப் பார்த்தேன், உன் கம்பெனி பெயர் போட்டிருக்கிறது.

இப்போது சொல். பத்து வருஷமாக "சாப்பாட்டுக் கம்பெனில வேலை" என்று மட்டும் சொல்கிறாய். அங்கே நீ என்னதான் செய்கிறாய்? பொட்டலத்தை மோந்துகூடப் பார்க்காதே என்று அத்தனை உறுதியாக எழுதினாயே, அது எப்படி உனக்குத் தெரியும்?

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துப் போட்டேன்.

எங்கள் இடத்தில் பன்னிரண்டு தடுப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், ஒரு சின்ன டிவி, ஒரு கிண்ணத்தில் நாங்கள் புதிதாகச் செய்த தின்பண்ட மாதிரி. "படம் பாருங்க, விருப்பமிருந்தா சாப்பிடுங்க" என்று சொல்லி உட்கார வைப்போம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன். கை எத்தனை தடவை கிண்ணத்துக்குப் போகிறது என்று குறிப்பது என் வேலை. ருசியாக இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்பதில்லை, அது எங்களுக்குத் தேவையில்லை. கை நின்றதா நிற்கவில்லையா, அவ்வளவுதான். நின்றுவிட்டால் அந்த மாதிரியைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைச் செய்வோம். உப்பை ஒரு பிடி கூட்டுவோம். தித்திப்பு தெரியாத அளவுக்குச் சர்க்கரை சேர்ப்போம். கடித்ததும் வாயிலேயே கரைந்து காணாமல் போகிற மாதிரி மாவை உப்ப வைப்போம். ஒன்றும் சாப்பிடவில்லை என்று வயிறு நம்ப வேண்டும்.

சிவப்புப் பொட்டலம் என்னுடையது. நாற்பத்து மூன்றாவது மாதிரி. அன்றைக்குப் பன்னிரண்டு கிண்ணமும் காலி. ஒரு பெண் விரலால் கிண்ணத்தின் அடியைத் துடைத்து நக்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் கைதட்டினோம். எனக்குப் பதவி உயர்வு வந்தது அதனால்தான். நீ நான்கு மாடி ஏறி வந்து பார்த்த வீடும் அதனால் வந்ததுதான்.

அந்தப் பொட்டலத்தை நான் ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. எங்கள் பிரிவில் யாருமே கொண்டுபோக மாட்டார்கள். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் கிடையாது.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். மூன்றாவது தடுப்பில் உன் வயதில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் கணக்கு எழுதவில்லை. மேலாளர் "என்னாச்சுப்பா?" என்று கேட்டார். பென்சில் முனை உடைந்துவிட்டது என்றேன்.

இவ்வளவும் தெரிந்த வாயால்தான் உன்னிடம் வாயைக் கட்டச் சொன்னேன். இனி நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி


மே 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. எண்பது பேரும் உன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறோம், டிவிக்குப் பதிலாகப் போன். அப்புறம் ஆத்திரம் வந்தது. பசியால் கை போகிறது என்றா நினைத்தேன்? என் புத்தி கெட்டதால் போகிறது என்று ஏழு வருஷம் என்னையே காறித் துப்பிக்கொண்டிருந்தேன். என் தம்பிதான் அதைப் போகச் செய்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

முழுப் பழியையும் உன் தலையில் கட்டிவிட்டால் எனக்கு வசதிதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. அவர் போன புதிதில் அழுவதற்கு இடம் கிடைக்கவில்லை எனக்கு. வீட்டில் அழுதால் வாயாடி பயப்படுவாள். ஆபீசில் அழுதால் டீம் லீடர் எழுதி வைப்பாள். வாயில் ஏதாவது இருந்தால் தொண்டை அடைத்துக்கொள்வது நிற்கும். அப்படித்தான் தொடங்கியது. ஒரு நாள் முழுக்க என்னிடம் கத்தாத ஒரே பொருள் அந்தப் பொட்டலம். உன் மாதிரி இல்லாவிட்டால் வேறு எதையாவது தின்றிருப்பேன். ஆனால் அது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு விஷயம். இரண்டு மாதமாக அடிவயிறு கனமாக இருக்கிறது. இடுப்பில் வலி. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது. பாத்ரூமுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, டீம் லீடர் இரண்டு தடவை எழுத்தில் கேட்டுவிட்டாள். அதனால் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற டாக்டரிடம் போனேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வயிற்றில் கை வைக்கவில்லை. நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே கண்ணால் எடை போட்டுவிட்டார்.

"இந்த உடம்ப வச்சுக்கிட்டு வலி வராம என்னம்மா செய்யும்? பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

"ஸ்கேன் ஏதாவது..."

"அதெல்லாம் எதுக்கு? மொதல்ல எடையைக் குறைங்க, வலி தன்னால போகும்."

ஒரு தாளில் என்ன சாப்பிடக் கூடாது என்று அச்சடித்துக் கொடுத்தார். வெளியே வந்தபோது உடம்பு சரியில்லாதவள் மாதிரி இல்லை எனக்கு. பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவள் மாதிரி இருந்தது.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

நீ திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டாமல் அப்படி எழுதிவிட்டாயே, அதுதான் அதிகமாக உறைக்கிறது.

இதோடு ஒரு ஜோடி நடக்கிற ஷூ அனுப்பியிருக்கிறேன். அளவு வாயாடியிடம் கேட்டு வாங்கினேன், அவளைக் கோபிக்காதே. டாக்டர் பேசின விதம் சரியில்லைதான். ஆனால் விஷயத்தில் அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. முதுகு, இடுப்பு, மூட்டு எல்லாமே பாரம் தாங்காமல் வலிப்பதுதான். பத்து கிலோ குறைந்தால் நீயே வித்தியாசம் பார்ப்பாய். பொட்டலத்தை நிறுத்து. அது உன் குற்றமில்லை என்று இப்போது உனக்குத் தெரியும், அதனால் நிறுத்துவதும் சுலபமாக இருக்கும். எனக்காகவாவது செய். உன்னால் முடிந்துவிட்டால் நானும் ராத்திரி தூங்குவேன்.

தம்பி


ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. தொண்ணூற்று மூன்று!

மெஷின் பக்கமே போவதில்லை. வேனை விட்டு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி உன் ஷூவில் நடக்கிறேன். அதுகூட இல்லை, பசியே எடுப்பதில்லை. முன்பு தட்டைப் பார்த்து என்னை நானே இழுத்துப் பிடிக்க வேண்டும், இப்போது அரைத் தட்டு இறங்கினால் பெரிது. வயிறு பழகிவிட்டது போலிருக்கிறது. ஜாக்கெட் எல்லாம் தோளில் தொங்குகிறது. நம் அம்மாவின் தாடை எலும்பு என் முகத்தில் இருக்கிறது தம்பி, இத்தனை வருஷம் எங்கே போயிருந்ததோ.

ஆபீசில் டீம் லீடர் எல்லாரையும் எழுப்பிக் கைதட்டச் சொன்னாள். என்னைச் சீந்தாதவர்கள்கூட வந்து என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். வேனில் இரண்டு பேர் எனக்காக நகர்ந்து இடம் விட்டார்கள். முன்பும் நகருவார்கள், அது வேறு மாதிரி.

டாக்டரிடம் போய்க் காட்டினேன். அவரும் கை கொடுத்தார். "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றார். வலி மட்டும் போகவில்லை டாக்டர் என்றேன். "இன்னும் கொழுப்பு இருக்கும்மா. இன்னொரு பத்து குறைங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்த மனிதரிடம் எப்படித் திரும்பக் கேட்பது?

வாயாடிக்கு மட்டும்தான் திருப்தியில்லை. நேற்று நான் தலை வாரும்போது பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, கை மெலிஞ்சிடுச்சு, கழுத்து மெலிஞ்சிடுச்சு. வயிறு மட்டும் ஏன் அப்படியே இருக்கு?" என்றாள். எல்லாம் ஒரே நாளில் கரையுமா என்று அதட்டினேன். பிள்ளைகளுக்கு எதிலும் நொட்டைதான்.

படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பத்து வருஷத்தில் நானாகக் கேட்டு எடுத்துக்கொண்ட முதல் படம்.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

படத்தை மேசைமேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். என் மனைவி அழுதுவிட்டாள். உன் சாப்பாட்டு முறையை வரிசையாக எழுதி அனுப்பச் சொல்கிறாள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து என் மனசு மேல் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. உன் படத்தைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது. எங்கள் கிண்ணத்திலிருந்து கையை எடுக்க முடியும் என்றுதானே இதற்கு அர்த்தம்? நீ எடுத்துவிட்டாய். அப்படியானால் நான் செய்தது அத்தனை பெரிய பாவமில்லை. அன்றைக்குச் சமையலறையில் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறேன், இந்தத் தடவை நீ கோபப்பட மாட்டாய். மனசு வச்சா முடியாதது இல்ல.

இன்னும் பத்து. விடாதே.

தம்பி


நவம்பர் 7

தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கையில் ஊசி ஏற்றியிருக்கிறார்கள், வலது கையிலேயே.

உன்னிடம் போனில் சொல்ல வேண்டாம் என்று வாயாடியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ கடிதமாகப் படித்தால்தான் எனக்கு நிம்மதி. படிக்கும்போது உன் முகத்தை நான் பார்க்க வேண்டாம்.

போன வியாழக்கிழமை ஒருத்தரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எடை எண்பத்தாறு. இங்கே ஒரு நர்ஸ், சின்னப் பெண், என் சட்டையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்து அழுத்தினாள். அழுத்தின கையை எடுக்காமலே என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, இது எத்தனை நாளா இருக்கு?" என்றாள். ஏழு வருஷத்தில் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்த முதல் ஆள் அவள்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியினால் என்று நினைத்துக்கொண்டாள்.

கர்ப்பப்பைக்குப் பக்கத்தில், சினைப்பையில் கட்டி. புற்று. வயிறு முழுக்க நீர் கோத்திருந்தது, குழாய் போட்டு ஆறு லிட்டர் எடுத்தார்கள். பசி எடுக்காமல் போனது அதனால்தான். கையும் கழுத்தும் மெலிந்ததும் அதனால்தான். நான் ஒன்றும் சாதிக்கவில்லை தம்பி. அது என்னைத் தின்றுகொண்டிருந்தது, நாமெல்லாரும் கைதட்டினோம்.

பெரிய டாக்டர் நல்லவர், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றார்.

"ஆறு மாசம் முன்னாடி வந்தேனே" என்றேன்.

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். வருகிறாயானால் வா. முகத்தை நன்றாக வைத்துக்கொண்டு வா.

அக்கா


நவம்பர் 10

அக்காவுக்கு,

பதினேழாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். முகத்தைப் பற்றிச் சத்தியம் செய்ய முடியாது.

உன் படத்தை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

தம்பி


நவம்பர் 24

அக்காவுக்கு,

நேரில் இருந்த நான்கு நாளும் சொல்ல முடியாததை, ஊர் திரும்பி வந்து எழுதுகிறேன். நீ சொன்னது சரிதான், கடிதத்தில்தான் நமக்கு வாய் வருகிறது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கேட்டாய், "என்னடா, எடுத்துட்டாங்களா?" என்று. நான் "ம்" என்றேன். அது பொய் அக்கா. டாக்டர் என்னை நடைவழிக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். குடல் மேலெல்லாம் பரவியிருக்கிறது. மருந்து ஏற்றிப் பார்க்கலாம், கொஞ்ச நாள் தள்ளிப் போடும் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்க நான் வாயைத் திறந்தேன், கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருபதாம் தேதி மத்தியானம் டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன் இல்லையா, நான் போனது பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற டாக்டரிடம். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றுதான் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். முன்னால் நாற்பது பேர். கதவு சரியாகச் சாத்தவில்லை, உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம், அதற்குமேல் இல்லை. அந்த டாக்டர் மெலிந்த, வயசான மனுஷன். அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் ஜன்னலில் இருந்தது.

எனக்கு மூன்று பேர் முன்னால் ஒரு பெண் உள்ளே போனாள். முப்பது வயதிருக்கும், உன்னைப் போல நல்ல கனமான உடம்பு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "இந்த உடம்ப வச்சுக்கிட்டு வலி வராம என்னம்மா செய்யும்? பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க." அட்சரம் பிசகாமல் அதே வார்த்தை. அக்கா, அவரைக் கேட்கப் போன எனக்கு அந்த நேரத்தில் என் குரல்தான் கேட்டது. அவராவது உன் முகம் தெரியாமல் சொன்னார். நான் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், அப்புறம் கடிதத்திலும் எழுதினேன்.

அவள் வெளியே வந்தாள். கையில் அந்த அச்சடித்த தாள். அதை யாரும் பார்க்கக் கூடாது என்று நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்கேன் எடுக்கணும்னு கேளுங்க" என்றேன்.

அவள் பயந்துவிட்டாள். "என்ன?"

"திரும்ப உள்ள போங்க. வயித்துல கை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கற வரைக்கும் அந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்காதீங்க."

"நீங்க யாரு? டாக்டரா?"

இல்லை என்றேன். சட்டைப் பையிலிருந்து உன் ஆகஸ்ட் மாதத்துப் படத்தை எடுத்துக் காட்டினேன். "இது எங்க அக்கா. இவரு சொன்னபடி குறைச்சிட்டுத்தான் வந்தா. எல்லாரும் பாராட்டினோம். இப்ப ஆஸ்பத்திரில கிடக்கா" என்றேன். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டோக்கன் கொடுக்கிற ஆள் வந்து என் தோளில் கை வைத்து, "வெளிய வாங்க சார்" என்றான். போய்விட்டேன். டாக்டரைப் பார்க்கவே இல்லை.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. வாயாடியை நினைத்துத்தான் விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் போகாத வேறு பிரிவு கேட்டிருக்கிறேன். யோசிக்கிறோம் என்கிறார்கள்.

சனிக்கிழமை மறுபடி வருகிறேன்.

தம்பி


நவம்பர் 28

தம்பிக்கு,

பென்சிலில் எழுதுகிறேன், பேனா அழுத்த முடியவில்லை.

நீ "ம்" என்றபோதே எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து நீ பொய் சொல்லும்போது ஒரு எழுத்துதான் சொல்வாய். அதைப் பற்றிக் கவலைப்படாதே. அன்றைக்கு எனக்கு அந்த "ம்" வேண்டியிருந்தது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எழுதச் சொல்லி நீ கேட்கவில்லை, கேட்காததே நல்லது. சில நாள் மன்னித்துவிடுகிறேன். சில நாள், வலி கூடினால், முடியவில்லை. இரண்டும் நான்தான்.

வாயாடி உன் வீட்டுக்குத்தான் வருவாள், வேறு எங்கே போவாள்? இரண்டு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். பிசைந்ததைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறாள். என்னடி என்றால் பசிக்கலைம்மா என்கிறாள். அதே வார்த்தையைத்தான் ஆகஸ்டில் நானும் உனக்குச் சந்தோஷமாக எழுதினேன். உன் வீட்டில் அவள் குண்டானாலும் சரி, ஒல்லியானாலும் சரி, அதைப் பற்றி நீயும் உன் மனைவியும் வாயைத் திறக்கக் கூடாது. அவள் சாப்பிடும்போது கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், வேறு ஏதாவது பேசுங்கள், தட்டைப் பார்க்காதீர்கள். எங்கேயாவது வலிக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிப் போ. ஒரு டாக்டர் தொட்டுப் பார்க்காவிட்டால் அடுத்தவரிடம் போ.

துக்கத்துக்கு வருகிறவர்கள் "தின்னே செத்தா" என்று பேசிக்கொள்வார்கள். காதில் விழுந்தால் சண்டை போடாதே. பிள்ளையை மட்டும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை வாயாடியைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். முக்கியமானதை எழுதாமல் விட்டிருக்கிறாய். அந்தப் பெண் திரும்ப உள்ளே போனாளா?

அக்கா